கண்டக்டரின் ஒன்பது நாள் சூப்பர் மார்க்கெட் வாசம்

இதில் பொய் எங்கெல்லாம் வருகிறதோ, அதெல்லாம் கண்டக்டர் கோமதிநாயகத்துக்குச் சொந்தம். உண்மை ஏதாவது வந்தால் அது அவரையும் மீறி வந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டவன், அவ்வளவுதான்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை. எதிரே சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் மளிகைக்கடை. காலை பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் யாருக்கும் அவ்வளவாகக் காய்ச்சல் வருவதில்லை. அதனால் என் கடையைத் திறந்துபோட்டுவிட்டு அண்ணாச்சி கடைப் படியில் போய் நிற்பேன். அந்த நேரத்துக்குத்தான் கோமதிநாயகமும் வருவார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. நூறு கிராம் சீரகம் வாங்க வந்தால் ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு, சீரகத்தை மறந்துவிட்டுப் போவார். மறுபடியும் வருவார். ஏன் மறந்தார் என்பதற்கு இன்னொரு கதை இருக்கும்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் ஒரே ஒரு வாய் வார்த்தைதான். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். எண்ணெய் கேட்டு ஒருத்தர், பருப்பு கேட்டு ஒருத்தர், நடுவில் கோமதிநாயகம். தான் டிக்கெட் கிழித்த வேகத்தில் பஸ்ஸுக்குள் காற்றடித்து, ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஏறியவர் அடுத்த ஸ்டாப்பில் இஸ்திரி போட்ட வேட்டியோடு இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குக் கவனம் சிதறி, ஒரே துவரம்பருப்பை மூன்று தடவை நிறுத்துவிட்டார். ஆத்திரம் வந்துவிட்டது.

"ஒம்ம புளுகக் கேக்கவா வே நான் கடை தொறந்து வச்சிருக்கேன்? யாவாரத்தப் பாக்க விடும்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகம் வாயை மூடினார். அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆள் வரவில்லை. அண்ணாச்சி வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பதினொரு மணியானால் தெருமுனையைப் பார்ப்பார். நாலாம் நாள் என்னிடம் வந்து, "என்னமோ காது அடைச்சாப்ல இருக்கு தம்பி, சொட்டு மருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். மருந்தினால் தீருகிற அடைப்பு இல்லை அது. ஏழாம் நாள் யாரோ வந்து, கண்டக்டர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குள் போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அண்ணாச்சி பொட்டலம் கட்டினார். கட்டின வேகத்தில் நூல் அறுந்துபோய் உளுந்தெல்லாம் தரையில் ஓடியது.

பத்தாம் நாள் பதினொரு மணிக்கு கோமதிநாயகம் வந்தார்.

கடையில் நானும், உளுந்து வாங்க வந்த இட்லிக்கடை ஆவுடையக்காவும் இருந்தோம். அண்ணாச்சி "வாரும்" என்று சொல்லவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று மேல்தட்டு டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தார். அவற்றைக் காலையிலேயே துடைத்தாகிவிட்டது.

கோமதிநாயகம் படியில் நின்று தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு என்ன கெழம?" என்றார்.

"வியாழன்."

"மாசம்?"

"புரட்டாசிதான் அண்ணே."

"வருசம் மாறலியே?"

"என்னாச்சு கண்டக்டரண்ணே உங்களுக்கு?"

"அப்ப வெளிய ஒம்பது நாளுதான் ஆயிருக்கு." பெருமூச்சு விட்டார். "நான் சூரியனப் பாத்தே இப்பம் ஒரு மணி நேரந்தான் ஆவுது."

"எங்க இருந்து வாரிய? ஜெயில்ல இருந்தா?" என்றாள் ஆவுடையக்கா.

"ஜெயில்ல நேரத்துக்குச் சோறு போடுவான் ஆவுடை. நான் மாட்டுனது சூப்பர் மார்க்கெட்டுல. ஒம்பது நாளு. உள்ள போனவன் வெளிய வர முடியல."

"முந்தாநாளு சாயங்காலம் அம்மன் கோயில்ல ஒங்களப் பாத்தேனே."

"அது நானில்ல. என்ன மாதிரியே ஒருத்தன் ஊருக்குள்ள சுத்துதான். ஒம்பது நாளும் எம்பொண்டாட்டி அவனுக்குத்தான் சோறு போட்டிருக்கா. இன்னைக்கு வீட்டுக்குப் போயி, என்ன இப்பிடின்னு கேட்டா, நல்ல மனுசந்தான், உங்கள விடப் பேச்சு கொறவுங்கா."

ஆவுடையக்கா உளுந்துப் பையைத் தரையில் வைத்தாள். அதற்கு, சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"அன்னைக்கு இங்கன இருந்து போனேம்லா, வீட்ல அவ அடுப்புல எண்ணெய வச்சிட்டு நிக்கா. தாளிக்கக் கடுகு இல்ல. எனக்கும் ஒரு ரோசம். ஒலகத்துல கடுகு இந்த ஒரு கடையிலதான் வெளையுதான்னு நெனச்சேன். நேரா அங்க போயிட்டேன். வாசல்ல ஒருத்தன் நிக்கான், மிலிட்டரிக்காரன் மாதிரி உடுப்பு. 'பையக் குடுங்க சார்'ங்கான். குடுத்தேன். ஒரு டோக்கன் தந்தான். கையில கொட. அதுக்கொரு டோக்கன். மடியில வெத்தல. அதுக்கொண்ணு. சட்டப்பையில திருநீறு மடிச்ச தாளு, அதுக்கும் ஒண்ணு. கடைசியில இம்புட்டு டோக்கனையும் வச்சுக்கிட ஒரு பை வேணும்யான்னேன். பைய உள்ள கொண்டு போகக்கூடாது சார்ங்கான்."

அண்ணாச்சி டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரே டப்பாவை.

"பெறவு ஒரு தள்ளுவண்டி. அதுக்கு நாலு சக்கரம். மூணு நேராப் போவுது. நாலாவது மட்டும் எடது பக்கம் இழுக்கு. நான் கடுகுக்குப் போணும்னு தள்ளுதேன், அது சோப்புக்குப் போணும்னு இழுக்கு. சுத்திச் சுத்தி வாரேன். எங்க திரும்புனாலும் பிஸ்கட்டு. ஓடுன தூரத்துக்குப் பாபநாசம் போயிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்பந்தான் பாக்கேன், எம்பின்னால நாப்பது பேரு வரிசையா வண்டியத் தள்ளிட்டு வாரான். என்னய்யான்னு கேட்டா, 'நீங்க வழி தெரிஞ்சு போறாப்ல இருந்துச்சு, அதான் பின்னாலயே வாறோம்'ங்கான். எனக்கு மனசு கேக்குமா? முப்பத்திரண்டு வருசம் ஜனங்கள எறக்கிவிட்ட ஆளு. விசில எடுத்தேன்."

"எல்லாத்துக்கும் டோக்கன் போட்டவன் விசில விட்டுட்டானாக்கும்?" என்றேன்.

"நாக்குக்கு அடியில வச்சுக் கடத்திட்டேன் தம்பி. ஊதுனேன் பாரு ஒரு ஊது! 'மாவு, மசாலா, எண்ணெ எல்லாம் ஏறிக்கோ! சோப்பு, சீப்பு, வாளி எல்லாம் எறங்கு! படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!' மூணாம் நாளு ஏழு வண்டி ஓடிட்டு இருந்துச்சு. ரவையில ஏறுனா சேமியாவுல மாத்து வண்டி. நாப்கின் பக்கமா ஒரு எக்ஸ்பிரஸ் விட்டேன், எங்கயும் நிக்காது."

"கடுகு கெடைச்சுதா இல்லியா, அதச் சொல்லுங்க."

"அவசரப்படாத ஆவுடை. அங்க வேல பாக்க பயலுவகிட்டக் கேட்டேன். 'கடுகு எங்கனப்பா இருக்கு?' 'அது என் செக்ஷன் இல்ல சார்.' அடுத்தவன்கிட்டக் கேட்டேன், அவனும் அதையே சொல்லுதான். மாடிங்கான் ஒருத்தன். மாடிக்குப் போனா, நேத்துதான் சார் கீழ மாத்துனோம்ங்கான். கீழ வந்தா, இப்பந்தான் மேல மாத்துனோம்ங்கான். நான் ஏறும்போது கடுகு எறங்குது, நான் எறங்கும்போது அது ஏறுது. எழுவத்தாறு பேருகிட்டக் கேட்டேன். எழுவத்தேழாவது ஆளு நல்ல வெள்ளச் சட்ட போட்டு நிக்கான். கேட்டா வாயத் தொறக்கல. உத்துப் பாத்தா, துணி மாட்டி நிப்பாட்டி வச்ச பொம்ம! ஆனா கைய ஒரு பக்கமா நீட்டிட்டு நின்னுச்சு. அந்தப் பக்கமாப் போனேன். கடுகு இருந்துச்சு! அந்தக் கடையிலயே வெவரம் தெரிஞ்ச ஆளு அந்தப் பொம்ம ஒண்ணுதான்."

ஆவுடையக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, எடுத்தாச்சுன்னு பாத்தா, எல்லாம் ஒரு கிலோ பாக்கெட்டு. அம்பது கிராம் குடுப்பான்னேன். லூஸ்ல தர மாட்டோம் சார்ங்கான்."

"ஒரு கிலோ கடுகு இருந்தா இந்தத் தெருவயே தாளிக்கலாமே."

"அதத்தான் நானுஞ் சொன்னேன். அதுக்கு அவன், 'ஒரு கிலோ வாங்குனா வாளி இலவசம் சார்'ங்கான். வாளி எடுத்தா கப்பு இலவசம். கப்பு எடுத்தா சோப்பு. சோப்புக்குத் துண்டு. துண்டுக்குத் தலகாணி. தலகாணிக்கு மெத்த. மெத்தைக்குக் கட்டிலு. கட்டில வாங்குனா அதப் போடுததுக்கு வீடு இலவசம்ங்கான். கல்லிடைக்குறிச்சியில, ரெண்டு ரூமு, தண்ணி வசதி உண்டு. நானும் விடல. வீட்ட வாங்குனா என்னப்பா இலவசம்னு கேட்டேன். அவன் ஒரு தாளப் பாத்தான். 'அம்பது கிராம் கடுகு சார்'ங்கான்!"

"அப்ப வாங்கிற வேண்டியதுதான அண்ணே?" என்றேன்.

"வாங்கிருப்பேன் தம்பி. அந்த வீட்டுக்கு எக்ஸ்பயரி தேதி முடிஞ்சு போச்சு."

அண்ணாச்சியின் முதுகு லேசாகக் குலுங்கியது. இருமல்தான் என்று நாங்கள் நினைக்கும்படி இரண்டு தடவை இருமினார்.

கோமதிநாயகம் அதைக் கவனித்துவிட்டார். குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது. "குளிரு! அந்தக் குளிரச் சொல்லணுமே. அஞ்சாம் நாளு எம்மீசையில ஐஸ் கட்டித் தொங்குது. பக்கத்துல சர்பத் குடிச்சிட்டு இருந்தவரு, 'கொஞ்சம் குடுங்களேன்'னு ஒடிச்சுப் போட்டுக்கிட்டாரு. வலது பக்கத்து மீசையில ரெண்டு கிளாஸுக்குத் தேறுச்சு. தேங்கா எண்ணெ வாங்க வந்தவன் பாட்டில ஒடச்சு, உள்ள இருந்தத கம்பு மாதிரித் தோள்ல வச்சிட்டுப் போறான்."

அண்ணாச்சியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் கண்டக்டரிடம் பேசிய முதல் பேச்சு இது:

"ஏம் வே, அடுப்புல வச்ச எண்ணெ ஒம்பது நாளாவா காஞ்சுக்கிட்டு இருக்கு?"

"காஞ்சுது வே. காஞ்சு, சுண்டி, இன்னைக்குப் போய்ப் பாக்கேன், சட்டியில எள்ளு கெடக்கு."

"எள்ளா!"

"நல்லெண்ணெதான வச்சா? அது வந்த வழியே திரும்பிப் போயிட்டு."

அண்ணாச்சி வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு தராசைத் துடைக்க ஆரம்பித்தார். ஆனால் இந்தத் தடவை முகம் எங்கள் பக்கம் இருந்தது.

"இனிமேதான் இருக்கு சங்கதியே. பில்லு போடணும்லா? லைன்ல நிக்கேன். எனக்கு முன்னால ஒருத்தன், அவம் பொண்டாட்டி மாசமா இருக்கா. லைனு நகருது, நகருது, கவுண்டருகிட்ட நாங்க போய்ச் சேருகையில அந்தப் பிள்ள அப்பன் கையப் பிடிச்சிட்டு, 'அப்பா, தாகமா இருக்கு'ங்கு."

"ஒம்பது நாள்லயா?" என்றாள் ஆவுடையக்கா.

"வெளியதான் ஒம்பது நாளு. உள்ள வேற கணக்கு. அதுக்குத்தான வந்ததும் வருசத்தக் கேட்டேன்? அந்தப் பிள்ளைக்கு லைன்ல வச்சே பேரு விட்டோம். அப்பங்காரன் பார்கோடுன்னு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். நான்தான் சண்ட போட்டுக் குலதெய்வத்துப் பேர வைக்க வச்சேன். கவுண்டர்ல ஒரு பொம்பளப்பிள்ள இருந்துச்சு. 'போன் நம்பர் சொல்லுங்க சார்'னுச்சு. கடுகுக்கு எதுக்கும்மா போன் நம்பர், ஊருக்குப் போயிச் சேந்ததும் அது எங்கிட்டப் பேசுமான்னேன். இல்ல சார், பாயிண்டு ஏறும்னுச்சு. ஆயிரம் பாயிண்டு ஏறுனா ஒரு சாவிக்கொத்து தருவாங்களாம். சாவிய மாட்ட நமக்கு வீடு இல்லியே, அதுதான் எக்ஸ்பயரி ஆயிட்டே! பெறவு அந்தப் பிள்ள கடுகு பாக்கெட்ட மிஷின்ல காட்டுது. பீப்புன்னு சத்தம் வரணும், வரல. திருப்புது, கவுத்துது, தேய்க்குது, எச்சித் தொட்டுத் தொடைக்குது. ம்ஹும். சரி, எத்தன நேரம் நிக்கன்னு நானே வாயால 'பீப்'புன்னேன். பில்லு வந்துட்டு."

இதற்கு நானே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"வந்துட்டுன்னா, நிக்கல தம்பி! உருண்டு உருண்டு வருது. வாசலத் தாண்டி, ரோட்டத் தாண்டி, ஆத்துப்பாலத்து மேல ஏறி அந்தப் பக்கம் போயிட்டு. நாலு பேரு சைக்கிள்ல தொரத்திட்டுப் போய்க் கடைசி வரியப் படிச்சிட்டு வந்தான். 'நன்றி, மீண்டும் வருக'ன்னு இருந்துச்சாம். பெறவு அந்தப் பிள்ள கேட்டுச்சு பாரு ஒரு கேள்வி. 'பை கொண்டு வந்திருக்கீங்களா சார்?'"

"அடப்பாவிகளா!" என்றாள் ஆவுடையக்கா. அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "போன வாரம் எங்கிட்டயும் இப்படித்தான் பைய வாங்கி வச்சிக்கிட்டு, பெறவு பை இருக்கான்னு கேட்டானுவ."

"நீயும் போனியா?" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

ஆவுடையக்கா உளுந்துப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

கோமதிநாயகம் அவளைக் காப்பாற்றினார். அவசரமாக மேலே போனார். "எனக்கு வந்துட்டு ஒரு ஆவேசம். கவுண்டர் மேல ஏறி நின்னேன். 'ஏ ஜனங்களே, கேளுங்க. எங்க தெருவுல ஒரு கடை இருக்கு. அங்க வண்டி கெடையாது, டோக்கன் கெடையாது. சுயம்புலிங்கம்னு ஒரு மனுசன் இருக்காரு. படியில ஏறும்போது நீ இருமுனா, நீ கேக்கதுக்கு முந்தி மிளகப் பொட்டலம் கட்டி வச்சிருப்பாரு. அஞ்சு கிராம் பெருங்காயம் கேட்டாலும் மூஞ்சியச் சுளிக்க மாட்டாரு. புளி சரியில்லன்னா, இது வேண்டாம், புதங்கெழம புதுப்புளி வருது, அப்பம் வாரும்னு திருப்பி அனுப்புவாரு. எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்த பதினாறு நாளும் கஞ்சிக்கு நொய்யி அவரே வீடு தேடிக் கொண்டாந்து குடுத்தாரு. அதப் பத்தி இன்னைக்கு வர ஒரு வார்த்த பேசுனது கெடையாது.'"

இதில் பொய் எதுவும் இல்லை. அதனால் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அண்ணாச்சி தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகமே சுதாரித்துக்கொண்டு பழைய பாதைக்குத் திரும்பினார். "அவ்வளவுதான்! அந்தக் கூட்டம் அழுத அழுகையில உப்பு பாக்கெட்டெல்லாம் கரைஞ்சு போச்சு. மானேஜர் ஓடி வந்து எங்காலப் பிடிக்கான். 'சார், நீங்களே மொதலாளியா இருங்க, இந்தாங்க சாவி'ங்கான். நான் சொல்லிட்டேன், மாடிக்கு ஒரு சுயம்புலிங்கத்த உக்கார வச்சாத்தான் வருவேன்னு. மூணு மாடிக்கு மூணு பேருக்கு எங்க போவான்? உக்காந்து அழுதான். ஆயிரம் பேரும் வண்டிய அங்கங்க போட்டுட்டு எங்கூட வெளிய வந்துட்டான். எல்லாரையும் இங்கதான் கூட்டிட்டு வந்தேன்."

"ஆயிரம் பேரா? எங்க வே?" அண்ணாச்சி எட்டித் தெருவைப் பார்த்தார். வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"ரெண்டு தடவ கடையத் தாண்டிப் போயிட்டானுவ. ஒம்ம போர்டு சின்னதா இருக்குல்லா."

அப்போது படியில், "அண்ணாச்சி, கால் கிலோ ரவை, நூறு வத்தல்" என்று ஒரு குரல்.

பின்தெருவில் குடியிருக்கிற ஜெபசெல்வி. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். சாயங்காலங்களில் வேலை முடிந்து இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள், என் கடையில் எப்போதாவது தலைவலி மாத்திரை வாங்குவாள். எங்கே வேலை என்று நான் கேட்டதில்லை.

அவளைப் பார்த்ததும் கோமதிநாயகத்தின் முகம் மாறியது.

"சார்! நீங்க இந்தக் கடைக்கு வருவீங்களா?" என்றாள் அவள்.

"இவர ஒனக்கு எப்படித் தெரியும் பிள்ள?" ஆவுடையக்காவின் காது நிமிர்ந்துவிட்டது.

"நான் சூப்பர் மார்க்கெட்டுல பில் போடுதேன்க்கா. ரெண்டாம் கவுண்டர். இன்னைக்கு லீவு."

"அங்க வேல பாத்துட்டு இங்கயா சாமான் வாங்குத?" என்று அண்ணாச்சி ஆச்சரியப்பட்டார்.

"கால் கிலோ ரவைக்கு யாருண்ணாச்சி அம்புட்டு நேரம் லைன்ல நிப்பா?"

"நல்ல பிள்ள. சரி, நான் வாரேன் தம்பி, வீட்ல தேடுவா" என்று கோமதிநாயகம் படி இறங்கப் போனார்.

ஆவுடையக்கா உளுந்துப் பையோடு வழியை மறித்து நின்றாள். "செத்த இருங்கண்ணே. ஏ பிள்ள, இவரு ஒம்பது நாளும் அங்கனதான் இருந்தாரா?"

"தெனம் வருவாருக்கா. பதினொரு மணிக்கு."

"என்ன வாங்குவாரு?"

ஜெபசெல்வி கண்டக்டரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "ஒண்ணும் வாங்கலக்கா. ஒரு கடுகு பாக்கெட்ட எடுத்துட்டு என் லைன்ல வந்து நிப்பாரு. அவரு முறை வந்ததும் கத சொல்ல ஆரம்பிப்பாரு. நல்லாத்தான் இருக்கும். ஆனா பின்னால ஆளு நிக்கும், சூப்பர்வைசர் வேற பாப்பாரு. நான் 'நெக்ஸ்ட்'னு சொல்லிருவேன். கடுக அங்கனயே வச்சிட்டுப் போயிருவாரு. மறுநாளு திரும்ப லைன்ல நின்னு, விட்ட எடத்துல இருந்து சொல்லுவாரு. நான் திரும்பவும் 'நெக்ஸ்ட்'ம்பேன். ஒம்பது நாளாச்சு, இன்னும் ஒரு கதைகூட முடியல."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கோமதிநாயகம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க ஏசி நல்லாருக்கும். அதுக்குப் போனேன்" என்றார். அவர் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி ரவையை நிறுக்காமல் கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றார். கண்டக்டரைக் கேட்காமல், ஜெபசெல்வியைக் கேட்டார். "என்ன கத சொன்னாரு?"

"காரையார் வண்டி மலையில ஏறுதாம் அண்ணாச்சி. நல்ல மழ. ஒரு வளைவுல கரடி ஒண்ணு நின்னு கை காட்டுதாம். டிரைவர் பழக்கதோசத்துல வண்டிய நிப்பாட்டிட்டாரு. அது ஏறி, ஜன்னல் ஓரத்து சீட்டாப் பாத்து உக்காந்துட்டு. இவரு டிக்கெட் பையத் தூக்கிட்டுக் கரடிகிட்டப் போறாரு..."

"போயி?" என்றாள் ஆவுடையக்கா.

"அங்கதான் நான் 'நெக்ஸ்ட்'ன்னுட்டேன்."

அண்ணாச்சி கண்டக்டர் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கல்யாண வீட்டில் தன்னை மட்டும் பந்திக்குக் கூப்பிட மறந்துவிட்டதைப் போன்ற ஒரு வருத்தம்.

"இருவது வருசமா எங்கிட்டக் கத சொல்லுதீரு. இந்தக் கரடிக் கதய ஒரு நாளாவது சொல்லிருக்கீரா வே? அங்க போயி, அதுவும் லைன்ல நின்னு சொல்லிருக்கீரு!"

"நீருதான வே கேக்க மாட்டேன்னீரு."

"ஒரு நாளு மாட்டேன்னேன். அதுக்காவ ஒரேயடியாப் போயிருவீராக்கும்?"

அண்ணாச்சி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய்த் தான் உட்காருகிற ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். துண்டால் ஒரு தட்டுத் தட்டி, கண்டக்டர் முன்னால் போட்டார்.

"இரும்."

அவர் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் எண்ணெய்ப் பாத்திரத்தோடு வந்து, "அண்ணாச்சி, அரை லிட்டர்..." என்று ஆரம்பித்தாள். "செத்த பொறும்மா, ஒரு முக்கியமான சோலி நடக்கு" என்றார் அண்ணாச்சி. அவளும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு நின்றாள்.

"நாலு நாளா தூங்க முடியல சார்" என்றாள் ஜெபசெல்வி. "கண்ண மூடுனா அந்தக் கரடிதான் வருது. இப்பமாவது சொல்லுங்க. அது டிக்கெட் எடுத்துச்சா, இல்லியா?"

கோமதிநாயகம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எங்கள் ஐந்து பேர் முகத்தையும், உள்ளே ஏறின பயணிகளை எண்ணுவதுபோல, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"அது எதுக்குப் பிள்ள டிக்கெட் எடுக்கணும்?" என்றார். "பாஸ் வச்சிருந்துச்சு."